கொடைக்கும் கேரலுக்கும் பாடுகிறவர்கள் எதை, எப்போது சாப்பிடலாம்

கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழு மேடை ஏறும் முன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒருவர் வாயில் பனங்கற்கண்டு, ஒருவர் கையில் கட்டஞ்சாயா (பால் விடாத சாயா), குடம் அடிப்பவர் கன்னத்தில் ஒரு கிராம்பு. மூத்த புலவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடக் கேரலுக்குப் புறப்படும் பாடகர் குழுவிலும் இதேதான், வெற்றிலைக்குப் பதில் மிட்டாய் இருக்கும். இப்போது வாயில் போடுவது நேரே குரல்நாணில் போய் வேலை செய்யும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள்.

அப்படி நடக்க வழியில்லை. விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி சாய்ந்து அடைக்கும், கீழே இரண்டு குரல்நாண்களும் இறுகச் சேர்ந்துகொள்ளும். சாப்பாடும் தண்ணீரும் பின்னால் உள்ள உணவுக்குழாய் வழியே இறங்கும். தப்பித்தவறி ஒரு சொட்டுத் தேன் நாணில் பட்டால் புரையேறி இருமல் வரும், இனிமை வராது. தேன், நெய், பச்சை முட்டை என்று எதைக் குடித்தாலும் கதை இதுதான். பச்சை முட்டையில் வயிற்றுப்போக்குக் கிருமி வேறு இருக்கக்கூடும். நிகழ்ச்சி நாளில் அந்தச் சோதனை வேண்டாம்.

சாப்பாடு குரலைப் பாதிப்பது வேறு நாலு வழிகளில்: உடம்பின் நீர்ச்சத்து, வயிற்றிலிருந்து மேலே ஏறிவரும் அமிலம், நிறைந்த வயிறு மூச்சுக்கு இடம் விடாமல் அடைப்பது, வாயிலும் தொண்டையிலும் ஒட்டி நிற்கும் பிசுபிசுப்பும் துணுக்குகளும். இதில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் பாடுவதற்குப் பல மணி நேரம் முன்பே முடிவாகிவிடுகின்றன. ராத்திரி பத்து மணிக்குப் பாடப்போகிறவரின் குரல், அன்று காலையில் குடித்த வெள்ளத்திலும் (தண்ணீரிலும்) முந்தின ராத்திரிச் சாப்பாட்டிலும் இருக்கிறது.

தண்ணீர்: எவ்வளவு, எப்போது

ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் மேல் ஸட்ஜத்தில் நின்றால் அவர் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 261 தடவை சேர்ந்து பிரிகின்றன. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் மேல் ஸட்ஜத்துக்கு 392 தடவை. இத்தனை மோதலையும் தாங்குவது நாணின் மேல் உள்ள மெல்லிய ஈரப் படலமும் அதற்கு அடியில் உள்ள நெகிழ்ந்த சதையும்தான். உடம்பில் நீர் குறைந்தால் அந்தப் படலம் கெட்டியாகும். அதே சுருதியை எழுப்ப அதிகக் காற்றழுத்தம் வேண்டும். தம் கட்டிப் பாடவேண்டியிருக்கிறது என்று சொல்கிறோமே, அதன் பாதிக் காரணம் இதுதான்.

குடித்த தண்ணீர் குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, பிறகுதான் குரல்நாணுக்குப் போய்ச் சேரவேண்டும். மேடை ஏறும்போது அரை லிட்டர் குடித்தால் வயிறு குலுங்கும், மூத்திரம் முட்டும், நாண் மட்டும் காய்ந்தபடியே இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர், சித்திரை, வைகாசி வெக்கையில் வேர்த்துக்கொட்டும் நாளில் இன்னும் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் 300 மில்லி. பிறகு மணிக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி. பாடுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 300 மில்லி போதும். பாட்டு தொடங்கியபின் கால் மணிக்கு ஒரு மடக்கு.

அந்த ஒரு மடக்கு எதற்கு? வாய் வழியாக மூச்சிழுத்து மேல்தொண்டை காய்ந்துபோகும். அதை நனைக்கவும், தொண்டையைக் கனைத்துச் செருமுவதற்குப் பதிலாக விழுங்கவும்தான். செருமுவது இரண்டு நாண்களையும் ஓங்கி அறைந்துகொள்ள வைக்கிறது. செருமல் வரும்போதெல்லாம் ஒரு மடக்கு குடித்தால் ராத்திரி முழுக்க நூறு அறை மிச்சம்.

போதுமான நீர் இருக்கிறதா என்று பார்க்க மூத்திரத்தின் நிறமே போதும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. மஞ்சள் கடுத்திருந்தால் நேற்றே குடித்திருக்கவேண்டும். வைட்டமின் மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதுவே நிறம் மாற்றும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் கடற்காற்றில் ஈரம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று வீசும்போது தோவாளைப் பக்கம் திறந்தவெளி மேடையில் பாடுபவருக்கு வாய் திறந்தால் காய்ந்துவிடும். அங்கே கால் மணிக்கு ஒரு மடக்கு போதாது, பத்து நிமிஷத்துக்கு ஒன்று வேண்டும்.

பெண் பாடகிகள் நிறையப் பேர் நிகழ்ச்சி நாளில் மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மேடைப் பக்கம் கழிப்பறை இருக்காது என்பதுதான் காரணம். குரலைப் பற்றிய எந்த யோசனையும் இதற்கு முன் செல்லாது. நிகழ்ச்சி பேசும்போதே பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்கு ஏற்பாடு உண்டா என்று விழாக்குழுவினரிடம் கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள். மைக் செட்டைப் பற்றிக் கேட்பது போலத்தான் இதுவும்.

சிறுநீரகம், இதயம் சம்பந்தமாகத் தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. அவர்களுக்குக் கருக்கிலும் (இளநீரிலும்) கவனம் வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். மற்றவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கருக்கு குடிப்பது நல்ல வழக்கம். அக்கானி (பதநீர்) கிடைக்கும் காலத்தில் காலையில் ஒரு டம்ளர் குடிக்கலாம். வெயில் ஏறப் புளிக்கத் தொடங்கிய அக்கானியை விட்டுவிடுங்கள். சோடா சர்பத் நிகழ்ச்சி முடியும்வரை வேண்டாம். அந்தக் காற்று நீண்ட அடி ஒன்றின் நடுவில் ஏப்பமாகத் திரும்பி வரும், அமிலத்தையும் கூட்டிக்கொண்டு.

சாயா, காப்பி பற்றிய பயம் கொஞ்சம் மிகைதான். வழக்கமாகக் குடிப்பவருக்கு நாளைக்கு இரண்டு மூன்று கப் உடம்பைக் காயவைப்பதில்லை, அதிலுள்ள தண்ணீரும் கணக்கில் சேரும். வெறும் வயிற்றில் கடுப்பமாகக் குடிக்கும் கட்டஞ்சாயா அமிலத்தைக் கிளப்பும் என்பதுதான் உண்மையான சங்கடம். காலையில் பலகாரத்தோடு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. அதோடு நிறுத்துங்கள்.

முந்தின ராத்திரி

குரல் கெடுவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் ஐஸ் தண்ணீர் என்று சொல்வார்கள். அதைவிடப் பெரியது பத்தரை மணிச் சாப்பாடு. மரச்சீனி (மரவள்ளி) அவித்து மசித்தது, மீன் புளிமுளம் என்ற குழம்பு, மேலே இரண்டு பொரித்த மீன். சாப்பிட்டுக் கை கழுவியதும் படுக்கை. இரைப்பையின் மேல்வாயில் ஒரு தசை வளையம் உண்டு. கொழுப்பு, எண்ணெய், புதினா, சாக்லேட், சாராயம், புகை இவையெல்லாம் அதைத் தளர்த்தும். வயிறு முட்ட இருக்கும்போது படுத்தால் அமிலமும், அதோடு பெப்சின் என்ற செரிமானச் சாறும் மெல்ல மேலேறிக் குரல்வளையின் பின்பக்கத்தைத் தொடும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு, குரல்வளைக்கு இல்லை. கொஞ்சம் பட்டாலே வீங்கும்.

இதில் நெஞ்செரிச்சல் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அதனால்தான் பலருக்கும் இது பிடிபடுவதில்லை. காலையில் எழுந்தவுடன் குரல் கரகரப்பது, வெயில் ஏறியபின் தெளிவது, தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போன்ற உணர்வு, சளி இல்லாமலே சதா செருமல், மேல்ஸ்தாயியில் சத்தம் குறைத்துப் பாடினால் குரல் உடைவது: இவை வாரக்கணக்கில் இருந்தால் சளி மருந்தை நிறுத்திவிட்டு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் வேண்டும். பத்தரைக்குப் படுப்பவர் ஏழரைக்குச் சாப்பிட்டு முடிக்கவேண்டும். மரச்சீனியும் மீனும் மத்தியானத்துக்கு மாறட்டும், அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ராத்திரிக்கு இட்லி, இடியாப்பம், சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும். புளி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குழம்பில் வேண்டாம். பசித்தால் படுக்கப்போகும் முன் பழம் ஒன்று போதும். நம் மட்டிப்பழம் இதற்கு வசதி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம் என்பதற்காகச் சொல்லவில்லை. சின்னது, புளிப்பில்லை, வயிற்றில் கனக்காது.

கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்கள் இரண்டுக்கும் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டையோ செங்கலோ வையுங்கள். இரண்டு மூன்று தலையணை அடுக்குவது இதற்கு ஈடாகாது. அது இடுப்பில் உடம்பை மடக்கி வயிற்றை அழுத்தும், அமிலம் இன்னும் ஏறும். பாயில் படுப்பவர்கள் இடப்பக்கமாகச் சரிந்து படுத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். அந்தப் பக்கம் படுக்கும்போது இரைப்பையின் வாய் அமில மட்டத்துக்கு மேலே நிற்கும்.

வீங்கின குரல்வளை ஒரு ராத்திரியில் ஆறாது. இரண்டு மூன்று வாரமாவது ஒழுங்காக இருந்தால்தான் பலன் தெரியும். கொடை பங்குனியில் என்றால் மாசியிலேயே தொடங்குங்கள்.

நிகழ்ச்சி நாள்

ராத்திரி பத்து மணிக்கு வில்லுப்பாட்டு என்று வைத்துக்கொள்வோம். விடிய விடியப் பாடவேண்டும்.

காலையில் எட்டு மணிக்கு இட்லி அல்லது இடியாப்பம். புட்டும் பயறும் பப்படமும் பிரியமான சேர்க்கைதான், ஆனால் பயறு வாயு பிடிப்பவருக்கு அன்று மட்டும் புட்டும் பழமும் போதும். ஒரு மணிக்குச் சோறு வயிறார. அன்று சாளை, நெத்திலி போன்ற முள் மீன் வேண்டாம். முள் தொண்டையில் குத்தினால் சோற்றை உருட்டி விழுங்கி இறக்கப் பார்ப்பார்கள், அது முள்ளை இன்னும் ஆழமாகத் தைக்கும். முள் போனாலும் கீறல் நிற்கும், ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் உறுத்தும். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்றால் முள் குறைந்த நெய்மீன் துண்டு. கருவாடும் மாங்காய் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை, நாக்கு வறளும். அவை மறுநாளைக்கு.

கடைசிச் சாப்பாடு ஆறரை, ஏழு மணிக்கு. மேடைக்கு மூன்று மணி நேரம் முன்பு. இதற்குக் கஞ்சியை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. நீரும் அதில் இருக்கிறது, மாவும் இருக்கிறது. அரை டம்ளர் சம்பா அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டால் ஒருவருக்குத் தாராளம். உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாக. தொட்டுக்கொள்ளச் சிறுபயறுத் தோரன் (தேங்காய் போட்ட பொரியல்) இரண்டு கரண்டி, தேங்காயை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து. தேங்காயில் கொழுப்பு அதிகம், கொழுப்பு இரைப்பையை விட்டு நகர நேரமெடுக்கும். மூன்று மணி நேரக் கணக்கு அதனால்தான் சில நாள் பொய்த்துப்போகிறது.

ஏன் மூன்று மணி நேரம் என்று கேட்டால், மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கவேண்டும். நிறைந்த இரைப்பை நேர் கீழே உட்கார்ந்திருந்தால் அது எங்கே இறங்கும்? மூச்சு நெஞ்சிலும் தோளிலும் நிற்கும். பல்லவி முடியும் முன் காற்று தீரும், குரல்வளையை இறுக்கிச் சமாளிப்பீர்கள், மறுநாள் கழுத்து வலிக்கும். வில்லுப்பாட்டுக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து வில்லில் வீசுகோலை ஓங்கி அடித்துக்கொண்டே பாடுகிறார். அந்த இருப்பே வயிற்றை அழுத்தும். நின்று பாடுபவரைவிட இவருக்கு இந்த விதி கண்டிப்பானது.

அதற்காகப் பட்டினியும் உதவாது. கொடைக்கு விரதம் இருப்பவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்கள் தண்ணீரையாவது விடாமல் குடிக்கட்டும். ஒன்பது மணிக்குக் கை நடுங்குவது போலிருந்தால் ஒரு ஏத்தம்பழம் (நேந்திரம் பழம்), நன்றாகப் பழுத்தது, அவித்து. பொரித்த பழம்போளி வேண்டாம்.

பாட்டுக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் நேந்திரம் சிப்ஸ், முறுக்கு, மிக்சர், முந்திரிப்பருப்பு, கேக் எதுவும் கூடாது. காய்ந்த துணுக்கு நாக்கின் அடிப்பகுதிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் நீண்ட மூச்சில் கிளம்பி இருமலாக வெளிவரும், அதுவும் மைக் முன்னால். பால், பாயசம், ஐஸ்கிரீமும் இந்த ஒரு மணி நேரத்தில் வேண்டாம். பால் குடித்தால் சளி சுரக்கும் என்பது சரியில்லை. பால் எச்சிலோடு கலந்து கொழகொழப்பாகித் தொண்டையில் படிகிறது, அதைச் சளி என்று எண்ணிச் செருமுகிறோம். காலையில் குடித்த பால் ராத்திரிப் பாட்டை ஒன்றும் செய்யாது.

ஐஸ் தண்ணீரும் அப்படியே. குரலை அழித்துவிடும் என்று பிள்ளைகளைத் திட்டவேண்டியதில்லை. பாடப்போகும் நேரத்தில் மட்டும் தொண்டை விறைத்தது போலிருக்கும், அதனால் அப்போது இளஞ்சூட்டுத் தண்ணீர் குடிப்பது மேல்.

நடுராத்திரி பூசைக்கு நிறுத்தும்போது விழாக்குழு பரோட்டாவும் கறியும் வாங்கி வைத்திருப்பார்கள். அன்போடு தருவதை மறுக்க முடியாது. பொட்டலம் பிரியாமல் இருக்கட்டும், விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்துக்கு இரண்டு இட்லி அல்லது ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணீர் போதும்.

சுக்கு வெள்ளம், பாடகர் பதம்

நாலு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வையுங்கள். இரண்டு அங்குலச் சுக்குத் துண்டு ஒன்றைத் தட்டிப் போடுங்கள். தனியா ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு. நல்லமிளகு நாலே நாலு. வீட்டில் சளிக்குப் போடுவது போலப் பத்துப் பன்னிரண்டு போட்டால் தொண்டை சுள்ளென்று திறந்த மாதிரி இருக்கும், அரை மணியில் எரிச்சல் தொடங்கும். காப்பித்தூள் வேண்டாம். அடுப்பைக் குறைத்துப் பத்து நிமிஷம் கொதித்து 800 மில்லி ஆனதும் 60 கிராம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைந்ததும் இறக்குங்கள். கருப்பட்டியில் மண்ணும் நாரும் இருக்கும். துணியில் வடிகட்டாமல் விட்டால் அந்த மண் கடைசி மடக்கில் தொண்டையில் நிற்கும்.

பிழை நடக்கும் இடம் பிளாஸ்க். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் மூன்று மணி நேரம் கழித்தும் நாக்கு பொத்தும். 65 டிகிரிக்கு மேல் சூடான பானத்தைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்க்கும் கெடுதல். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் பிளாஸ்கில் ஊற்றுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியை விட்டுவிடலாம். கருப்பட்டியும் சர்க்கரையே.

கன்னத்தில் அடக்கும் சரக்குகள்

கற்கண்டோ மிட்டாயோ செய்யும் ஒரே நல்ல காரியம் எச்சில் ஊறவைப்பது. அதற்கு எந்த மிட்டாயும் போதும். மென்தால் போட்டது மட்டும் வேண்டாம். குளிர்ச்சியாக இருக்கும், மரத்துப்போகும், பிறகு காயும். மரத்துப்போவதுதான் இங்கே விஷயம். கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே உண்டு, மாறாமலை எஸ்டேட் கிராம்பின் காரம் யாருக்கும் தெரியும். பல்வலிக்கு அதை வைப்பது ஏன்? உணர்ச்சியை அடக்கும் என்பதால். பாடும்போது தொண்டை வலி என்பது ‘சுருதியை இறக்கு, நிறுத்து’ என்று உடம்பு சொல்லும் தகவல். கிராம்பு அந்தத் தகவலை அறுத்துவிடுகிறது. குரல் சரியாகிவிட்டது என்று நினைத்து மேல்ஸ்தாயியில் இரண்டு மணி நேரம் போடுவீர்கள். கிராம்பைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாராயமும் இதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் மோசமாக. ‘ஒரு கட்டிங் போட்டால் தொண்டை திறக்கும்’ என்பவருக்குத் திறப்பது கூச்சம். ரத்தக்குழாய்கள் விரிந்து நாண் தடிக்கும், உடம்பு காயும், அமிலம் ஏறும், சுருதி விலகுவது அவர் காதுக்கே தெரியாது.

அதிமதுரம் தொண்டைக்கு இதமானதுதான். சின்னத் துண்டு எப்போதாவது மென்றால் போகட்டும். தினமும் வாரக்கணக்கில் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவேண்டாம். தேன் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து குடிப்பது மேல்தொண்டை உறுத்தலுக்கும் வறட்டு இருமலுக்கும் நல்லது. மார்த்தாண்டம் பக்கம் கிடைக்கும் தேன் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்துத் தேன், குளிரில் சீக்கிரம் உறையும். உறைந்ததால் சர்க்கரை கலந்தது என்று எறிந்துவிடாதீர்கள், வெந்நீரில் புட்டியை நிறுத்தினால் இளகிவிடும்.

உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு: ஒரு டம்ளர் இளஞ்சூட்டு நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. அது மேல்தொண்டையோடு சரி, குரல்நாண்வரை போகாது. அங்கே வரை நேரே போவது மூச்சோடு உள்ளே போகும் ஈரம் மட்டுமே. வெறும் தண்ணீர் ஆவி ஐந்து நிமிஷம் பிடித்தால் போதும், தைலம் ஏதும் போடாமல். பிள்ளைகளுக்குப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு, அவர்களுக்கு இது வேண்டாம்.

வெற்றிலை பற்றி மூத்த புலவர்களிடம் பேசுவது கடினம். ஆனாலும் சொல்லியாகவேண்டும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியாகிவிட்ட விஷயம். பாக்கில்லாமல் வெற்றிலை மட்டும் என்றால் எச்சில் ஊறும், அவ்வளவுதான் அதன் பலன். சுண்ணாம்பு கூடினால் வாய் பொத்தும்.

மூக்கொழுகலுக்குக் கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவும் மூக்கோடு சேர்த்துக் குரல்நாணையும் காயவைப்பவை. ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும், குரல் கட்டியிருக்கும்போது அதை விழுங்கி ஓங்கிப் பாடினால் நாணுக்குள்ளேயே ரத்தம் கட்டலாம். இதயத்துக்காக மருத்துவர் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள், குரல் கட்டியிருக்கும்வரை பாட்டை நிறுத்துங்கள்.

கேரலும் கல்யாண விருந்தும்

கேரல் இரவில் சிக்கல் ஒரு சாப்பாடு இல்லை, இருபது சாப்பாடு. வீட்டுக்கு வீடு சாயா, கேக், நேந்திரம் சிப்ஸ், முந்திரிக்கொத்து. ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டிக் கடைசித் தெருவுக்கு வரும்போது டெனர் என்ற ஆண்களின் மேல்குரல்கள் கரகரத்து, சோப்ரானோ என்ற பெண்களின் மேல்குரல் ஒரு சுருதி இறங்கியிருக்கும். கத்திப் பாடுவது ஒரு காரணம், மணிக்கு மூன்று சாயா இன்னொரு காரணம்.

குழுவுக்கு ஒருவரைத் தண்ணீர்ப் பொறுப்பாளராக வையுங்கள். இருபது பேருக்கு இளஞ்சூட்டு நீர் ஐந்து லிட்டர், ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில். சாயா மூன்று வீட்டுக்கு ஒன்று, அதுவும் பாதி. தின்பண்டத்தைப் பெரிய டப்பாவில் வாங்கிச் சேர்த்து, முடிந்தபின் பிரித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே ஆலயத்தில் அறிவித்துவிட்டால் வீட்டுக்காரர்களுக்கும் மனத்தாங்கல் வராது. பெப்பர்மின்ட் மிட்டாய் வாளியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், புதினா இரைப்பை வாயைத் தளர்த்தும் என்று மேலே பார்த்தோம்.

கல்யாண வீட்டு மெல்லிசைக்காரர்கள் முடிந்தால் பாடிவிட்டுச் சாப்பிடுங்கள். முதல் பந்தியில் உட்காரவேண்டி வந்தால் பருப்பும் நெய்யும் ஒரு கை, அவியல், ரசம் கொஞ்சம். எரிசேரி, பப்படம், போளியும் பால் பாயசமும் இலையில் இருக்கட்டும். அடைப்பிரதமன் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்தது, வயிற்றில் நெடுநேரம் நிற்கும்.

உங்கள் தொண்டைக்கு எது ஆகாது என்று கண்டுபிடிக்க

ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும். சோதித்துப் பார்ப்பதுதான் வழி. தினமும் காலையில் பல் தேய்த்தபின், பேச்சு தொடங்கிப் பத்து நிமிஷம் ஆனதும், தெரிந்த பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் உறங்குபவர் எழுந்துவிடாத அளவு மெல்லப் பாடுங்கள். சுருதிப்பெட்டியில் அரை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு கட்டையில் குரல் சட்டென்று எழும்பாமல் முதலில் காற்று மட்டும் வரும், பிறகுதான் ஒலி பிடிக்கும். அந்தக் கட்டையை நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை டம்ளர் தண்ணீர்.

ஓங்கிப் பாடினால் இது தெரியாது. வீங்கின நாணைக் காற்றழுத்தத்தால் அடித்து எழுப்பிவிடலாம், மெல்லப் பாடும்போது ஏமாற்ற முடியாது. இரண்டு வாரம் எழுதினால் வழக்கமான கட்டை எது என்று தெரியும். பிறகு சந்தேகப்படும் பொருள் ஒன்றை மட்டும், ராத்திரித் தயிரோ, மூன்றாவது சாயாவோ, ஐந்து நாள் நிறுத்திப் பாருங்கள். இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் நாண் கொஞ்சம் தடிப்பது இயல்பு, அந்த நாட்களை நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாவம் தயிர் மேல் பழி விழும்.

பாடி முடித்தபின்

விடியற்காலை நாலு மணிக்கு வில் இறக்கி வைத்ததும் பசி பேயாய் வரும். கஞ்சியோ இரண்டு தோசையோ சாப்பிட்டுவிட்டு, வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குங்கள், நீட்டிப் படுப்பது இரண்டு மணி நேரம் கழித்து. அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. மைக் செட்டுக்காரரோடு கணக்குப் பேசுவதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் மத்தியானத்துக்குள் குரல் திரும்பிவிட்டால் கவலையில்லை. மூன்று வாரத்துக்கு மேலும் கரகரப்பு நின்றால், அல்லது அதற்கு முன்பே விழுங்க வலி, இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி, பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று அற்றுப்போவது என்று ஏதாவது வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குழாய் கேமரா விட்டு நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.